பாஸ்டர் சொல்லாத உவமை

ஜெபா, எஸ்தர், இதை உங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். உங்களோடு இந்த வேலைக்கு வந்திருக்கும் மற்றப் பிள்ளைகளிடமும் படிக்கக் கொடுங்கள். ஜெபா ஏலூர் காலனிக் கூட்டத்தில் பிரசங்கியாருக்குப் பக்கத்தில் நின்று மலையாளத்தைத் தமிழாக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. எஸ்தர் பெண்கள் கூட்டத்தில் அதையே செய்கிறாள். போன வாரம் ஜெபா வீட்டுக்கு வந்து, "அப்பா, நான் பேசப் பேச ஜனங்க அழுதாங்க" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே பயமும் வந்தது. ஏனென்றால் அதே வெளிச்சத்தோடு நின்று நான் ஒரு மனிதனைச் சாவின் வாசல் வரை அனுப்பியிருக்கிறேன்.

நான் ஐந்தாவதுவரை படித்தவன். அதுவும் தமிழில். மலையாளம் பேசவும் எழுத்துக் கூட்டி வாசிக்கவும் மட்டாஞ்சேரி கடைத்தெருவில் கற்றது. வாரத்தில் ஆறு நாள் மிளகுக் கிடங்கில் சாக்குத் தைப்பேன். ஏழாம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இஞ்சிக் கிடங்குக்கு மேலே இருந்த எங்கள் ஜெபக்கூடத்தில் பாஸ்டருக்கு இடது பக்கம் நிற்பேன். பாஸ்டர் கோட்டயம் பக்கத்துக்காரர். எண்ணிப் பேசுகிறவர். தமிழ் ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் அவருக்குப் பிடிபடாது. எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் நம் நெல்லைச் சீமையிலிருந்து துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர்கள். அவர் ஒரு வாக்கியம், நான் ஒரு வாக்கியம். அவர் மூச்சு விடும் இடத்தில் நான் மூச்சு எடுக்க வேண்டும். அந்த ஓட்டம் கூடிவிட்டால், பிள்ளைகளே, கால் தரையில் இருக்காது. அது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் மட்டாஞ்சேரியில் ஒரே சடங்குக்கு எத்தனை பெயர்கள் என்று பாருங்கள். சுரியானிக் கிறிஸ்தவர்கள் மாமோதீஸா என்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பாஸ்டருடைய மலையாள வேதத்தில் வெறும் ஸ்நானம். குளியல், அவ்வளவுதான். நம் தமிழ் வேதத்தில் ஞானஸ்நானம். ஒரு முறை சுமை தூக்கும் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, இந்தக் குளியல் குளித்தால் எனக்கு எழுத்து படிக்க வந்துவிடுமா என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. எனக்குப் பழகித் தேய்ந்துபோன வார்த்தையை அவள் புதிதாகக் காதுகொடுத்துக் கேட்டிருந்தாள்.

பாவத்தின் காரியமும் அப்படித்தான். மனந்திரும்பி, பாவமன்னிப்புக்கென்று ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு ஜனங்களுக்குச் சொன்ன அந்த வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் பாவத்துக்கு மோசனம். கட்டியிருந்ததை அவிழ்த்துவிடுவது போல. தமிழில் மன்னிப்பு. கொடுக்க ஒருவர், வாங்க ஒருவர் வேண்டும். மலையாளத்தில் ஸ்நானத்தை 'ஏற்க' வேண்டும். தலையில் வந்து இறங்குவதைத் தாங்கிக்கொள்வது போல. தமிழில் 'பெற்றுக்கொள்ள' வேண்டும். கையை நீட்டி வாங்குவது போல. எது சரி என்று சொல்ல நான் படித்தவனில்லை. மொழிபெயர்த்த பெரியவர்கள் எல்லாரும் யோசித்துத்தான் செய்திருப்பார்கள். ஆனால் நடுவில் நிற்கிற நமக்கு, இந்த வார்த்தைகள் கேட்பவன் மனதில் வேறு வேறு காரியத்தைக் கிளப்பும் என்பது தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அன்று அது தெரியவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. ஒரு ஞாயிறு. மழை. கூடம் நிரம்பி, படிக்கட்டிலும் ஆட்கள். பாஸ்டர் அந்த வசனத்தைத்தான் எடுத்தார். நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். மனிதன் மனந்திரும்புகிறான், தேவன் அவனை அவிழ்த்து விடுகிறார், பிறகு அவன் எல்லாரும் பார்க்கத் தண்ணீரில் இறங்குகிறான் என்று. எனக்கோ அந்த வசனம் தமிழில் மனப்பாடம். அவர் வாயைத் திறந்ததுமே என் நாக்கில் தமிழ் வசனம் வந்து நின்றுவிட்டது. பாவமன்னிப்பு, பெற்றுக்கொள்ளுதல். அதற்கப்புறம் நான் அவரைக் கேட்கவே இல்லை. கேட்பது போல நின்றேன். ஜனங்களின் முகம் என்னை இழுத்தது. அவர் சொல்லி முடிப்பதற்குள் நானாக ஒன்றைச் சேர்த்தேன்.

"காலையில துறைமுக கேட்டுக்கு முன்னால நிக்கியளே, கையில சாப்பா இல்லாதவன காவல்காரன் உள்ள விடுவானா? பரலோகத்துக்கும் அப்படித்தான். தண்ணியில முழுகுனவன் கையிலதான் சாப்பா இருக்கும்."

சாப்பா என்றால் உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியாது. தகரத்தில் அடித்த சின்ன வில்லை. அந்த நாளில் துறைமுகத்தில் வேலை வேண்டும் என்றால் விடியுமுன்னே போய் நிற்க வேண்டும். மூப்பன், அதாவது ஆள் பிடிக்கிறவன், மேடையில் ஏறி அந்த வில்லைகளைக் கூட்டத்துக்குள் விட்டெறிவான். நூற்றுக்கணக்கான பேர் மண்ணில் விழுந்து புரண்டு பொறுக்குவார்கள். பொறுக்கியவனுக்கு கேட்டு திறக்கும், அன்றைக்குக் கூலி. மற்றவன் வீட்டுக்குப் போகலாம்.

கூடம் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கின சத்தம். பாஸ்டர் தன் பிரசங்கம்தான் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எண்ணி, கண் நிறைய என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அன்று மாலையே ஏழு பேர் ஞானஸ்நானத்துக்குப் பேர் கொடுத்தார்கள். காயலில் ஓதம், அதாவது கடல் நீர், நன்றாக ஏறும் ஒரு காலை வேளையைப் பார்த்து மூன்று வாரம் கழித்து நாள் குறித்தோம். நான் அன்று வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தேன்.

பேர் கொடுத்தவர்களில் ஒருவன் செல்லையா. முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல பலசாலி. இரண்டாம் வாரம் கப்பலில் சரக்கு இறக்கும்போது கட்டு நழுவி அவன்மேல் விழுந்தது. விலா எலும்பு முறிந்து, நெஞ்சுக்குள் நீர் கட்டி, பக்கவாட்டில் துளை போட்டுக் குழாய் வைத்து எடுத்தார்கள். பாஸ்டரும் நானும் போய்ப் பார்த்தோம். புண் ஆறும்வரை அந்தத் துளைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது, போனால் ஆள் தங்க மாட்டான் என்று டாக்டர் சொன்னார். பாஸ்டர் அவன் தலையில் கை வைத்து ஜெபித்து, அவசரமில்லை என்றார். நானும் அதைத் தமிழில் சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் என்னமோ இருந்தது. அது என்னவென்று கேட்காமல் வந்துவிட்டேன்.

குறித்த ஞாயிறு காலை வந்தது. காயல் கரையில் முப்பது பேர் பாடிக்கொண்டு நின்றோம். பாஸ்டர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்றார். ஆறு பேர் வரிசையில். அப்போது ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. அதிலிருந்து ஆஸ்பத்திரிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு செல்லையா இறங்கினான். பின்னால் அவன் மனைவி ரத்தினம், அழுதுகொண்டே.

வரிசையில் நின்ற ஒருவன், "என்னவே, ஆஸ்பத்திரிக் கஞ்சி எறங்கலையா, ஓடியாந்துட்டேரு" என்றான். யாரும் சிரிக்கவில்லை. செல்லையா நேரே தண்ணீரை நோக்கி நடந்தான். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கை கொதித்தது.

ரத்தினம் என்னிடம்தான் வந்தாள். "அண்ணாச்சி, நான் சொன்னா கேக்க மாட்டேங்காவ. நீங்க சொல்லுங்க. சாப்பா இல்லாம கேட்டு தெறக்காதுன்னு நீங்க சொன்னியள்லா, காய்ச்சல்ல எந்நேரமும் அதத்தான் சொல்லிக்கிட்டுக் கெடக்காவ."

தண்ணீரிலிருந்து பாஸ்டர், என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு வழி இருந்தது. 'உடம்பு சரியில்லாமல் முழுக வந்திருக்கிறான்' என்று மட்டும் மலையாளத்தில் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. அப்படித்தான் முதலில் சொன்னேன். பாஸ்டர் உடனே, தேவன் அவனை ஏற்கெனவே அவிழ்த்துவிட்டார், திரும்பிப் போகச் சொல் என்றார். நான் சொன்னேன். செல்லையா தலையை அசைத்தான்.

"பாஸ்டரு ஆறுதலுக்குச் சொல்லுதாரு. அன்னைக்கு வேதத்துலருந்து சொன்னது வேற."

ரத்தினத்துக்குப் படிக்கத் தெரியும். அவள் மடியிலிருந்து தமிழ் வேதத்தை எடுத்து அந்த வசனத்தைத் திறந்து என் முன் நீட்டினாள். பாவமன்னிப்பு என்று இருக்கிறது, பெற்றுக்கொள்ளுங்கள் என்று இருக்கிறது. சாப்பாவைத் தவிர எல்லாம் இருக்கிறது. அவளால் அவனைத் தடுக்க முடியவில்லை. பாஸ்டராலும் முடியவில்லை. தடுக்கக்கூடிய ஒரே மனிதன் நான். தடுத்தால் பாஸ்டர் பக்கத்தில் நான் நிற்கும் இடம் போய்விடும். ஐந்தாவது படித்த எனக்கு உலகத்தில் இருந்த ஒரே மரியாதை அந்த இடம்தான்.

அவன் என் கையை உதறிவிட்டு இரண்டடி வைத்தான். கணுக்கால் வரை தண்ணீர். நான் சத்தமாகச் சொன்னேன்: "சாப்பா காரியத்த பாஸ்டர் சொல்லல. வேதத்துலயும் இல்ல. நானாச் சேத்தது."

பிறகு அதையே மலையாளத்தில் பாஸ்டருக்குச் சொன்னேன். மூன்று வாரத்துக்கு முன் நான் சேர்த்த ஒவ்வொரு வார்த்தையையும் சொன்னேன். பாட்டு நின்றுவிட்டது.

பாஸ்டர் கரையேறி வந்தார். என்னைத் திட்டவில்லை. வரிசையில் நின்ற ஆறு பேரையும் காட்டி, இவர்களில் யாரெல்லாம் சாப்பாவுக்காக வந்தார்கள் என்று கேள் என்றார். கேட்டேன். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அப்படியானால் யோசித்து வருகிறோம் என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஒரே ஒரு வாக்கியம். அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

செல்லையா ஈர மண்ணில் உட்கார்ந்தான். அப்புறம்தான் அவன் வாயிலிருந்து வந்தது.

"சாப்பான்னு நீங்க சொன்னதும் எனக்கு வேற ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி. மூணு வருசத்துக்கு முன்னால ஒரு சாப்பாவுக்காவ பரீது கைய மிதிச்சேன். தெரிஞ்சேதான் மிதிச்சேன். வெரலு முறியுத சத்தம் கேட்டுது. எடுத்துக்கிட்டு ஓடிட்டேன். அங்கயும் சாப்பாதான்னா, அங்கயும் எவன் கையயாவது மிதிச்சுத்தானே உள்ள போவணும்?"

பரீது யாரென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். கடைத்தெருவில் சாயாக்கடை வைத்திருப்பவர். அதற்கு முன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வலது கையில் மூன்று விரல் மடங்கியே இருக்கும். இடது கையால்தான் சாயா ஆற்றுவார். மிதித்தது யாரென்று அவருக்கே தெரியாது.

செல்லையா கேட்டான்: "மன்னிப்புன்னு போட்டிருக்கே. அத யாரு குடுக்கணும்? சாமி மட்டுமா, அவனுமா?"

நான் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் பாஸ்டருக்குச் சொன்னேன். தன் மலையாள வேதத்தில் மோசனம் என்றுதான் இருக்கிறது, இந்தக் கேள்வி தனக்குத் தோன்றியதே இல்லை என்றார் அவர். ரத்தினத்தின் புத்தகத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாத எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "வெள்ளம் எவிடெயும் போகில்லா. ஆத்யம் அயாளெ காணட்டெ."

"தண்ணி எங்கயும் போவாது. மொதல்ல அவர போய்ப் பாக்கட்டும்" என்றேன். அவர் சொன்ன அளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் கூடச் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த முதல் சரியான மொழிபெயர்ப்பு அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

சாயாக்கடை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான். ரிக்‌ஷாவில் அவர்கள் இருவரும், பக்கத்தில் நான் ஓட்டமும் நடையுமாக. செல்லையா என்னை விடவில்லை. "நீங்கதான் எடுத்துச் சொல்லணும். எனக்குத் தெரிஞ்ச மலையாளம் துறைமுகத்து மலையாளம். அதுல வையத்தான் வரும்" என்றான்.

கடைக்கு முன் ரிக்‌ஷா நின்றது. அவன் இறங்கி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று, தமிழில் எல்லாவற்றையும் சொன்னான். நான் வாக்கியம் வாக்கியமாக மலையாளத்தில் சொன்னேன். கடைசி வாக்கியத்துக்கு வந்தோம். மன்னிச்சிரும் என்றான். மலையாளத்தில் எந்த வார்த்தையைப் போடுவது? மாப்பு என்று ஒன்று இருக்கிறது, படகில் காலை மிதித்தால் சொல்வது. க்ஷமிக்கணும் என்று ஒன்று இருக்கிறது, ஆபீஸில் குமாஸ்தா சொல்வது. ஆனால் பரீதின் ஆட்கள் ஹஜ்ஜுக்குக் கிளம்பும்போதும் சாகக் கிடக்கும்போதும் வீடு வீடாகக் கேட்கிற வார்த்தை ஒன்று உண்டு. பொருத்தப்படணும். உனக்கு நான் செய்ததையெல்லாம் மனமொத்து விட்டுவிடு என்று பொருள். லேசில் கேட்கவும் மாட்டார்கள், லேசில் கொடுக்கவும் மாட்டார்கள். அதைத்தான் சொன்னேன்.

பரீது கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். தன் மடங்கின விரல்களைப் பார்த்தார். கரையில் தமிழர்களின் முழுக்கு நடக்கிறது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "முங்ஙீட்டாணோ வந்நது, முங்ஙாதெயாணோ?"

முழுகிவிட்டு வந்தானா, முழுகாமலா. முழுகவில்லை என்றேன்.

"சரி" என்றார். படைச்சவனிடம் கணக்கை முடித்துவிட்டு என்னிடம் வந்திருந்தால் இந்தக் கடையில் அவனுக்குப் பச்சைத் தண்ணீர் கிடைத்திருக்காது என்றார். பிறகு இடது கையால் ஆற்றி மூன்று கிளாஸ் வைத்தார். வைத்துவிட்டு என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இந்நு சாயா. மற்றது பின்னெ."

செல்லையா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு வாங்குகிறது, உதடு காய்ந்திருக்கிறது. அவனுக்குப் பின்னால் ரத்தினம் கையெடுத்துக் கும்பிடாத குறையாக என்னைப் பார்க்கிறாள். 'மன்னிச்சிட்டாராம்' என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். பரீதுக்குத் தமிழ் தெரியாது. யாருக்கும் தெரியப் போவதில்லை. சாகப் போகிறவனுக்கு ஒரு ஆறுதல். ஜெபா, எஸ்தர், உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அன்று உங்கள் நாக்கு எவ்வளவு தித்திப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். பத்து நிமிஷத்துக்கு முன்தான் கரையில் அத்தனை பேர் முன் அவமானப்பட்டு வந்தவன் நான். அப்படியும் அந்த வார்த்தை என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

"இன்னைக்கு டீ. மத்தது பிறகு" என்றேன்.

"பிறகுன்னாரா?"

"ஆமா."

'பிறகு' என்று அவன் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தான். அப்புறம் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வலிக்க வலிக்கச் சிரித்தான். "அப்ப நான் உசுரோட இருக்கணும்லா. ஏட்டி, ஆஸ்பத்திரிக்கு வண்டிய விடச் சொல்லு" என்றான். சாயாவை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு ஏறினான்.

பிழைத்தான். புண் ஆறியதும் தினமும் வேலைக்கு நிற்கப் போகுமுன் பரீதின் கடைக்கு இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவான். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நல்லது என்றும் சொல்லவில்லை. மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வருமுன் ஒரு நாள், பொருத்தப்பட்டேன் என்று, அந்த வார்த்தையைச் சொன்னாராம். ரத்தினம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது நான் அங்கே இல்லை. தேவையும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ஓதத்தில் செல்லையா முழுகினான்.

பாஸ்டர் என்னை நான்கு ஞாயிறு கீழே உட்கார வைத்தார். ஐந்தாம் ஞாயிறு கண்ணைக் காட்டிக் கூப்பிட்டார். வசனம் வரும்போதெல்லாம் இரண்டு வேதத்தையும் விரித்து வைத்துக்கொண்டு, மலையாளத்தில் இப்படி இருக்கிறது, தமிழில் இப்படி இருக்கிறது என்று இரண்டையும் சொல்லிவிட்டு அவர் பேச்சுக்குப் போகும் பழக்கம் எங்களுக்கு அன்றிலிருந்து வந்தது. முழுக்கினால் மன்னிப்பா, மன்னிப்புப் பெற்றவனுக்கு முழுக்கா என்று உங்களிடம் வந்து மல்லுக்கு நிற்பார்கள். பிரசங்கியார் சொன்னதைச் சொல்லுங்கள், இரண்டு புத்தகத்திலும் உள்ளதைச் சொல்லுங்கள். அதற்குமேல் உங்களுக்கு ஒன்று தோன்றினால் 'இது என் சொல்' என்று முதலில் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

அந்த முழுக்கு ஞாயிறன்று, செல்லையாவையும் ரத்தினத்தையும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, மத்தியானம் வீட்டுக்குப் போகாமல் நான் கூடத்துக்குப் போனேன். பெருக்கும் முறை என்னுடையதாக இருந்ததால் சாவி என்னிடம் இருந்தது. பெஞ்சுகள் காலி. ஜன்னல் வழியே இஞ்சி வாசனை. என் இடத்தில் போய் நின்றேன். பாஸ்டரின் வேதத்தைத் திறந்து அந்த வசனத்தை மலையாளத்தில் ஒரு முறை சத்தமாக வாசித்தேன். என் வேதத்தைத் திறந்து தமிழில் ஒரு முறை வாசித்தேன். வசனம் முடிந்த இடத்தில், ஒரு சொல்லும் கூட்டாமல் நிறுத்திவிட்டு, துடைப்பத்தை எடுத்தேன்.